தண்ணீர் ஊற்றுகிறவள்

பதுருன்னிசா இறந்தவர்களோடு பேசுவாள். ராயபுரத்தில் அவள் இருக்கும் சந்துக்கு அது புதிதல்ல. பலகையில் கிடத்தியிருக்கும் பெண்ணைத் தோளைப் பிடித்துத் திருப்பும்போது, "இப்டி கொஞ்சம் சாஞ்சுக்கோ தாயி, முதுவு பாக்கி கீது" என்பாள். நகக்கண்ணில் மசாலாவின் மஞ்சள் ஒட்டியிருந்தால், "கடசி வரைக்கும் அடுப்பாண்டயே நின்னியா நீ?" என்று கடிந்துகொண்டே விரல் விரலாகத் துடைப்பாள். திரைக்கு இந்தப் பக்கம் அழுதுகொண்டிருக்கும் மகளுக்கு அந்தப் பேச்சு கேட்கும். அம்மாவை யாரோ எழுப்பிக் குளிக்கக் கூட்டிப்போயிருப்பது போலத் தோன்றும்.

முஸ்லிம் வீட்டில் ஒரு பெண் இறந்தால், அடக்கத்துக்கு முன் பெண்கள்தான் அவளைக் குளிப்பாட்ட வேண்டும். இலந்தை இலை போட்ட தண்ணீர், கடைசி முறைக்குக் கற்பூரம், அதன் பிறகு வெள்ளைக் கஃபன் துணி. பதுருன்னிசா அந்த வேலைக்கு வந்தது தற்செயலாகத்தான். தண்டையார்பேட்டையிலிருந்து மருமகளாக இந்தச் சந்துக்கு வந்த புதிதில், ஓர் ஐப்பசி மழையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் நின்றது. அன்றைக்குப் பார்த்துப் பக்கத்து வீட்டில் பிரசவத்தில் ஒரு பெண் போய்விட்டாள். வழக்கமாகக் குளிப்பாட்டுகிறவர்களால் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி வர முடியவில்லை. பள்ளிவாசலிலிருந்து வந்த ஒருவர் திரைக்கு வெளியே நின்று முறைகளைச் சொல்லச் சொல்ல, உள்ளே பதுருன்னிசாவின் கை நடுங்காமல் வேலை செய்தது. அந்தக் கைக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. அப்புறம் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

மற்ற நேரங்களில் அவள் மெஷினில் உட்கார்ந்து பாவாடையும் புர்காவும் தைத்துக்கொண்டிருப்பாள். கணவர் மதார் சாகிப் டிரெய்லர் ஓட்டியவர். எண்ணூரிலிருந்து துறைமுக வாசல் வரை கண்டெய்னர் இழுத்து இழுத்து முதுகு போனபின் வீட்டோடு இருக்கிறார். பிள்ளைகள் இல்லை. மாடியில் கொழுந்தன் குடும்பம். கொழுந்தன் சவூதியில் இருந்தான். இங்கே அவன் மனைவி ஃபராவும் மகள் ஜஸீமாவும். ஜஸீமா மேலே தூங்கிக் கீழே சாப்பிட்டு வளர்ந்த பெண். இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

ஃபராதான் தண்ணீர் ஊற்றுகிறவள். குளிப்பாட்டுவது ஒருத்தியால் ஆகிற வேலையல்ல. ஒருத்தி கழுவ வேண்டும், ஒருத்தி ஊற்ற வேண்டும், திருப்பும்போது தாங்கிப்பிடிக்க இன்னொருத்தி வேண்டும். நான்கு புறமும் சேலை கட்டி மறைத்த சின்ன இடத்தில் மூன்று பேரும் தலையோடு தலை முட்ட நிற்பார்கள். ஒருத்தி விடும் மூச்சுதான் அடுத்தவளுக்கு. ஃபரா ஊற்றினால் தண்ணீர் சத்தமே போடாது. இறந்தவளின் முகத்தில் ஒரு சொட்டு தெறிக்காது. "நீ கழுவற, நான் ஊத்தறேன். பேரு மட்டும் உனக்கு" என்று ஓரகத்தியைச் சீண்டுவாள்.

பதுருன்னிசாவுக்கும் சீண்டத் தெரியும். ஆனால் கல்யாண வீடுகளுக்குப் போகும்போது அவளுக்குள் ஒரு கூச்சம் இருந்தது. "நான் மொத ஆளா போய் நின்னா பொண்ணோட அம்மா மொகமே சுருங்கிடுது ஃபரா."

"அப்போ கடசி ஆளா போக்கா. பிரியாணியும் தம் எறங்கி ரெடியா இருக்கும்."

கொரோனா வந்த முதல் வருடம் இந்த வேலை நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் இறந்தவர்களைப் பையில் சுற்றி, ஜிப் போட்டு, நேராகக் கபர்ஸ்தானுக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிவாசல் ஜமாஅத்து இளைஞர்கள் தலையிலிருந்து கால்வரை உடுப்பு மாட்டிக்கொண்டு அடக்கம் செய்தார்கள். தண்ணீருக்குப் பதில், மண்ணைத் தொட்ட கையால் பையின் மேல் தடவினால் போதும், ஆபத்துக் காலத்தில் அதற்கு அனுமதி உண்டு என்று மார்க்கம் கற்ற ஆலிம்கள் சொன்னார்கள். மார்க்கம் அனுமதித்ததைப் பதுருன்னிசா மறுக்கவில்லை. அவளுடைய கைதான் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்படிப் போனவர்களில் ஜைத்தூனும் ஒருத்தி. எதிர்வீட்டுக்காரி, பதுருன்னிசாவின் வயது. "எனக்கு ஒன்னு ஆச்சுன்னா நீதான் கழுவணும். வேற எவ கையும் என் மேல படக்கூடாது, சொல்லிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி வைத்திருந்தவள். ஆம்புலன்ஸில் ஏறும்போது கூட ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினாள். அடுத்து அவளைப் பற்றி வந்தது அடக்கம் முடிந்த செய்தி. அன்றைக்குப் பதுருன்னிசா அழவில்லை. கொல்லைப்புறக் குழாயடியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்கை வரை கழுவினாள். பிறகு மறுபடியும் கழுவினாள்.

அதிலிருந்து அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. சந்திலோ அடுத்த தெருவிலோ ஒரு பெண் இறந்தால், அவள் தண்ணீர் பட்டுப் போக வேண்டும். அதற்கு இந்த நோய் முடிய வேண்டும். நோய் முடிவதற்கு ஊசி வரவேண்டும் என்று டிவியில் சொன்னார்கள். ஆகவே அவள் ஊசிக்காகக் காத்திருந்தாள்.

ஊசி வந்துவிட்டது என்று செய்தி ஓடிய அன்று அவள் பாயசம் வைத்தாள். மதார் சாகிப் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு பாயசம் இப்போ?"

"முடிஞ்சிடுச்சில்ல."

"எண்ணூர்லருந்து ஆர்பர் கேட்டு வரைக்கும் வண்டிங்க லைன்ல நிக்குதில்ல? மொத வண்டி உள்ள பூட்டா கடசி வண்டியும் உள்ள பூட்ச்சுன்னு அர்த்தமா? நான் அந்த லைன்ல குளிச்சு, தின்னு, தூங்கி எழுந்தவன். மொத வண்டிக்காரன் கையாட்டிட்டுப் போவான். நம்ம வண்டி நின்ன எடத்துலயே நிக்கும்."

"எதச் சொன்னாலும் லாரிலயே இஸ்துகினு வந்து நிறுத்து நீ" என்றாள் அவள். பாயசத்தை மாடிக்கும் கொடுத்தனுப்பினாள்.

மார்ச் மாதத்தில், நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களில் சர்க்கரை உள்ளவர்களுக்குப் போடுகிறார்கள் என்று தெரிந்தது. சந்தில் முதல் ஆளாகப் பதுருன்னிசா போனாள். "சக்கர வியாதியால கெடச்ச மொத லாபம்" என்று மாநகராட்சி மருத்துவமனையில் நர்ஸம்மாவிடம் சொன்னாள். நர்ஸ் இருதயம்மாள் அவளுக்கு நெடுநாள் பழக்கம். சொட்டு மருந்து காலத்தில் ஜஸீமாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற அதே வாசல்தான்.

"இத்த போட்டா முடிஞ்சிடுமா நர்ஸம்மா?"

"உனக்கா, ஊருக்கா?"

"ரெண்டுக்கும் சேத்துதான்."

இருதயம்மாள் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி பேசினார். "உனக்குன்னா, இன்னொன்னு போடணும். அப்புறமும் ரெண்டு வாரம் ஆவும் ஒடம்புல புடிக்க. புடிச்சாலும் நோயே வராதுன்னு நான் எழுதித் தரமாட்டேன். வந்தா சாவடிக்காது, அதான் கணக்கு. ஊருக்குன்னா, இந்த ராயபுரத்துல எத்தினி தலை கீது? அத்தினிக்கும் மருந்து வரணும், வந்தா போட்டுக்க ஆளு வரணும். அதுவரைக்கும் அது கம்முனு குந்திகினு இருக்குமா?"

"எப்போ முடியும்? ரமலானுக்குள்ள?"

"எந்த வருஷ ரமலானு?" இருதயம்மாள் சிரிக்காமல்தான் கேட்டார். "இந்த வருஷம் கெடையாது. அடுத்த வருஷமும் முடியும்னு என் வாயால வராது. கொறையும் பதுரு. ஒரு நாள் காலைல எழுந்து பாத்தா போயிருக்கும்னு நெனைக்காத. அது மெள்ளமா கொறையும்."

பதுருன்னிசா தலையை ஆட்டினாள். வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் மனதில் நின்றது ஒன்றுதான். வந்தால் சாவடிக்காது.

இரவு உடம்பு கொதித்தது, காலையில் சரியாகிவிட்டது. சந்தில் எல்லோரும் வந்து வந்து பார்த்தார்கள். ஊசி போட்டவர்களைப் பற்றி என்னென்னவோ வதந்திகள் உலவிய நேரம் அது. "கை கால் வெளங்குதா?" என்று கேட்டவளிடம், "வா, உன்ன ஒரு தபா குளிப்பாட்டி காட்றேன்" என்றாள் பதுருன்னிசா. ஃபரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஃபராவுக்கு நாற்பத்தைந்து ஆகவில்லை. அவளுக்கு ஊசி எப்போது என்று யாருக்கும் தெரியாது.

ரமலான் தொடங்கிய வாரத்தில் ஒரு மத்தியானம், பின்தெருவிலிருந்து முதஸ்ஸிர் வந்தான். மண்ணடியில் இரும்புக் கடை வைத்திருப்பவன். வாசலில் நின்றே பேசினான்.

"அம்மா பூட்டாங்க மாமி."

"யா அல்லாஹ். எப்போ? இன்னா பண்ணுச்சு?"

"ஜொரம் வந்துச்சு. மூச்சு வாங்கிகினே இருந்தாங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஆஸ்பத்திரிக்கு எட்துகினு போவல. டெஸ்ட்டும் எடுக்கல. எட்துகினு போனா பையில போட்டுத்தான் குடுப்பாங்க. அம்மா சொல்லிட்டாங்க, வூட்லயே வெச்சுக்கோ, தண்ணி ஊத்தி அனுப்புன்னு."

அது என்ன காய்ச்சல் என்று பதுருன்னிசாவுக்குத் தெரிந்தது. முதஸ்ஸிருக்கும் தெரியும். இருவரும் அதன் பெயரைச் சொல்லவில்லை. உள்ளேயிருந்து மதார் சாகிப், "வேணாம் பதுரு" என்றார். ஆனால் அவள் அதற்குள் எழுந்துவிட்டாள். ஒரு வருடமாக அவள் காத்திருந்தது இந்தக் கூப்பிடலுக்குத்தான். ஜைத்தூனுக்குச் செய்ய முடியாததை இவளுக்காவது செய்யலாம்.

"எனக்கு இன்னா? நான் ஊசி போட்டவ" என்றாள்.

ஃபரா மாடியிலிருந்து இறங்கிவந்தாள். அவளைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. குளிப்பாட்டல் என்றால் இருவரும் சேர்ந்துதான் போவார்கள். அதை யோசித்துச் செய்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"நீ போடலயே" என்றார் மதார் சாகிப்.

"அக்கா போட்டுகினாங்கல்ல மச்சான், போதாதா? கழுவறது அவங்க. நான் தள்ளி நின்னு ஊத்தப் போறேன், அவ்ளோதான்."

தள்ளி நிற்க அங்கே இடமில்லை. முதஸ்ஸிரின் வீட்டுக் கொல்லையில் சேலைகளைக் கட்டி மறைத்திருந்தார்கள். காற்று வராத இடம். உடம்பைத் தாங்கிப்பிடிக்க முதஸ்ஸிரின் மனைவி வந்தாள். அவள் இருமிக்கொண்டே இருந்தாள். "தூசி" என்றாள். மூவரும் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் தொடங்கினார்கள். ஊற்றும் தண்ணீர் பட்டு மாஸ்க் நனைந்தது. நனைந்த துணி மூக்கோடு ஒட்டி மூச்சு முட்டியது. ஃபரா நோன்பு வைத்திருந்தாள். தலை சுற்றுகிறது என்று மாஸ்க்கைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பதுருன்னிசா அதைப் பார்த்தாள். போட்டுக்கொள் என்று சொல்லவில்லை. அவள் கைக்கு அடியில் ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு பெண்ணின் நெற்றி இருந்தது. அதன் மேல் ஃபராவின் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

பதுருன்னிசாவுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலித்தது. டீ வெந்நீர் போல இருந்தது. சில நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மாடியில் ஃபரா எழவில்லை. முதலில் தொண்டை என்றாள், பிறகு சளி என்றாள். ஒரு நாள் ஜஸீமா படியில் ஓடிவந்து, "பெரிம்மா, அம்மாவால பேச முடியல" என்றாள்.

அந்த நாட்களில் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. உள்ளே படுக்கை காலியானால்தான் வெளியே கதவு திறக்கும். மதார் சாகிப் வளைந்த முதுகோடு ஆம்புலன்ஸுக்குப் பக்கத்தில் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். கடைசியில் இடம் கிடைத்தது. ஜஸீமாவை உள்ளே விடவில்லை. சவூதியிலிருந்து கொழுந்தன் வீடியோவில் அழுதான். வர விமானம் இல்லை. பெருநாளுக்கு முன்பே ஃபரா போய்விட்டாள்.

அவள் வீட்டுக்கு வரவில்லை. பையில் சுற்றி நேராகக் கபர்ஸ்தானுக்குக் கொண்டுபோனார்கள். அடக்கம் செய்த ஜமாஅத்து இளைஞர்களில் ஃபவாஸ் அந்தச் சந்துப் பையன்தான்; செல்போன் கடையில் ரிப்பேர் பார்ப்பவன். முடித்துவிட்டு, குளித்து, உடை மாற்றி, பதுருன்னிசாவின் வீட்டு வாசலுக்கு வந்து நின்றான்.

"முடிஞ்சுது பெரிம்மா. நான்தான் இறக்கினேன்."

"தண்ணி?"

"தண்ணி ஊத்தக்கூடாது பெரிம்மா. மண்ணு தொட்டு மொகத்துலயும் கைலயும் தடவனேன். பை மேல."

"மொகம் எங்க கீதுன்னு உனக்கு எப்டிடா தெரியும்?"

ஃபவாஸ் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். அவள் அவனைத் திட்டியதாக அவன் நினைத்துவிடக்கூடாதே என்று, "போ கண்ணு, போய் சாப்டு" என்றாள்.

ஜஸீமா படிக்கட்டின் மேல்படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் துஆ முடிந்து எல்லோரும் போனபிறகுதான் பேசினாள்.

"நீ ஊசி போட்டுகின. எங்கம்மா போட்டுச்சா?"

பதுருன்னிசா விரித்திருந்த பாயைச் சுருட்டத் தொடங்கினாள்.

"போட்டுச்சான்னு கேட்டேன்."

"இல்ல."

அதற்குப் பிறகு ஜஸீமா கீழே சாப்பிட வரவில்லை. பதுருன்னிசா தட்டை மூடி மாடிப்படியில் வைப்பாள். சில நாள் தட்டு காலியாகத் திரும்பும், சில நாள் அப்படியே இருக்கும். ஒரே கூரையின் கீழ் மாதங்கள் அப்படிப் போயின.

நோய் வந்து போனதால் பதுருன்னிசாவுக்கு இரண்டாவது ஊசியைத் தள்ளிப்போட்டார்கள். ஆடி முடிந்து அவள் போனபோது இருதயம்மாள் இளைத்திருந்தார். தலைமுடி முன்பைவிட வெளுத்திருந்தது. ஃபராவைப் பற்றி அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"நீ சொன்னத நான் பாதிதான் கேட்டேன் நர்ஸம்மா."

"பாதியாவது கேட்ட. பாதி ஜனம் வாசப்படியே மிதிக்கல."

"செத்தவங்ககிட்டருந்தா ஒட்டிச்சு அவளுக்கு?"

"செத்தவங்க மூச்சு விடறதில்ல பதுரு. அந்த வூட்ல மூச்சு வுட்டுகினு இருந்தது யாரு? யாரு இருமிகினு இருந்தா?" இருதயம்மாள் ஊசியைக் குத்திவிட்டு, அவள் தோளிலிருந்து கையை எடுக்காமல் இருந்தார். "நீயும் குடுத்திருக்கலாம். ஊசி போட்டவளும் குடுக்கலாம், வாங்கலாம். எதுன்னு யாருக்கும் தெரியாது. தெரிஞ்சிக்கணும்னு நெனைக்காத. உன்ன அந்த ஒரு ஊசிதான் உசுரோட வெச்சிருக்குன்னு நான் நெனைக்கறேன்."

"என்ன வெச்சு இன்னா பண்றது?"

இருதயம்மாள் அவள் தோளைத் தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. அன்றைக்காவது வரிசை நீண்டிருந்ததே என்று பதுருன்னிசாவுக்குத் தோன்றியது.

அந்த மாதங்களில் யார் கூப்பிட்டும் அவள் குளிப்பாட்டப் போகவில்லை. ஜமாஅத் தண்டையார்பேட்டையிலிருந்து பெண்களை வரவழைத்தது. "பதுருன்னிசா பயந்துட்டா" என்றார்கள். பயம்தான். ஆனால் ஆசை விட்டுப்போகவில்லை. மழைக்கு முன்னால் சாவு எண்ணிக்கை இறங்கியது, பள்ளிக்கூடங்கள் திறந்தன, காசிமேட்டில் பழையபடி ஏலக் கூச்சல் எழுந்தது, ஞாயிறுதோறும் தெருமுனையில் ஊசி முகாம் போட்டார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று ஊரே பேசியது. அவளுக்கும் அதை நம்ப வேண்டும் போலிருந்தது.

அப்படி ஒரு நாளில் இரண்டு வீடு தள்ளி ஆபிதா மாமி இறந்தார். பக்கவாதத்தில் வெகுநாள் படுக்கையில் கிடந்தவர். மருமகள் அனிஷா வந்து கூப்பிட்டாள். வரும்போதே சொன்னாள், "டெஸ்ட் எட்துட்டோம் மாமி. ஒன்னும் இல்ல. டாக்டரே குளிப்பாட்டலாம்னுட்டாரு. நானும் ரெண்டு ஊசி போட்டு ரொம்ப நாளாச்சு, புடிக்கறதுக்கு நான் கீறேன்."

பதுருன்னிசா தன் கையைப் பார்த்தாள். அவளுக்கும் இரண்டு ஊசி முடிந்து நாளாகிவிட்டது. எழுந்து கற்பூரத்தை எடுத்தாள். புது மாஸ்க்குகளை எடுத்தாள், நனைந்தால் மாற்ற இன்னும் சில. கையுறைகளையும். வாசலுக்கு வந்த பிறகுதான் கேட்டாள்.

"தண்ணி யாரு ஊத்தறது?"

"எங்க எதிர்வூட்டு அக்காவ வரச்சொல்லி கீறேன்" என்றாள் அனிஷா. அனிஷாவின் எதிர்வீட்டுக்காரி தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு தயாராக நின்றிருந்தாள்.

"நீ ஊசி போட்டியாம்மா?"

"எனக்கு ஊசின்னாலே மயக்கம் வந்துடும் அக்கா. அதான் நீங்கல்லாம் போட்டுகினீங்கல்ல. போதாதா?"

பதுருன்னிசா கையிலிருந்ததைப் படியில் வைத்தாள்.

"நீ வேணாம்."

"இன்னாக்கா இது? மாமிக்குதான் ஒன்னும் இல்லன்றாங்களே."

"மாமிக்கு இல்ல. எனக்கு இல்லன்னு யாரு பாத்தா? அனிஷாவுக்கு இல்லன்னு யாரு பாத்தா? நீ வேணாம்மா. வூட்டுக்குப் போ."

அனிஷாவின் முகம் சிவந்தது. "ஊசி வந்து வருஷம் ஆவப்போவுது மாமி. எல்லாம் முடிஞ்சுபோச்சு. இன்னும் இன்னா பேஜாரு பண்ணிகினு கீறீங்க? உள்ள மையித்து கெடக்குது."

"ஊசி வந்துச்சு. எல்லார் கைக்கும் வந்துச்சா? தோ, இவ கைக்கு வர்ல."

அப்போது மாடிப்படியில் சத்தம் கேட்டது. ஜஸீமா இறங்கிவந்தாள். தலையில் துணி போட்டிருந்தாள். மாதக்கணக்கில் பதுருன்னிசா அவள் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கவில்லை. ஃபராவின் நெற்றி அப்படியே இருந்தது.

"நான் ஊத்தறேன்" என்றாள் அனிஷாவிடம். "ரெண்டும் போட்டுட்டேன்."

அனிஷா பெருமூச்சு விட்டாள். "அல்லா உன்ன நல்லா வெப்பான். வா வா."

பதுருன்னிசா வழியை விடவில்லை. அவள் உடம்பு முழுவதும் ஒரே சமயத்தில் வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் சொன்னது. பலகைக்கு ஒரு பக்கம் தானும் எதிரே இந்தப் பெண்ணும் நின்றால், அவள் ஊற்றிய தண்ணீர் தன் கையில் இறங்கினால், அதற்கு மேல் அவளுக்கு இந்த உலகத்தில் என்ன வேண்டும்?

"ரெண்டாவது எப்போ போட்ட?"

"போன ஞாயித்துக்கெழம. முகாம்ல."

"அப்போ இன்னும் ஆவல."

"மாமி!" என்றாள் அனிஷா.

"ரெண்டு வாரம் ஆவணும் புடிக்க. நர்ஸம்மா சொன்னாங்க. முன்ன நான் அத்த காதுல வாங்கல." அனிஷாவைப் பார்த்துத்தான் சொன்னாள், ஜஸீமாவைப் பார்க்க முடியவில்லை. "தண்டையார்பேட்டைக்கு போன் போடு. மூனு பேரு கீறாங்க, மூனு பேரும் ரெண்டு ஊசி போட்டு மாசக்கணக்காவுது. ஆட்டோவுல ஜல்தியா வந்துடுவாங்க. நல்லா செய்வாங்க."

"நீங்க செய்யணும்னு மாமி ஆசப்பட்டாங்க."

"தெரியும்."

அனிஷா போனை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். எதிர்வீட்டுக்காரி, "ஒரே அலட்டலு" என்று காதில் விழும்படி முணுமுணுத்துவிட்டு உள்ளே போனாள். இன்னும் ஒரு வருடத்துக்குச் சந்து இதைப் பேசும். ஆபிதா மாமியை வேறு பெண்கள் கழுவுவார்கள். பதுருன்னிசா இரண்டு வீடு தள்ளி உட்கார்ந்திருப்பாள்.

அவள் படியில் உட்கார்ந்தாள். ஜஸீமா மேலே போய்விடுவாள் என்று நினைத்தாள். போகவில்லை. தலைத்துணியை இழுத்து விட்டபடி சுவரில் சாய்ந்து நின்றாள்.

"எங்கம்மாவயும் இப்டி நிறுத்தியிருக்கலாம் நீ."

"நிறுத்தியிருக்கலாம்."

அப்போது தெரியாது, எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம், விதி என்று பதில்கள் இருந்தன. சந்தில் எல்லோரும் பதுருன்னிசாவுக்காக அவற்றைச் சொல்லியும் இருந்தார்கள். அவள் எதையும் எடுக்கவில்லை.

ஆபிதா மாமியின் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு முடித்த பிறகு ஜஸீமா கேட்டாள். "ரெண்டு வாரம் ஆனா சரியாப் போச்சா?"

"சரியாப் போவாது. அப்பவும் மூஞ்ச மூடினுதான் நிக்கணும். காத்து வர்ற எடமா பாத்து கட்டணும். திரும்ப ஏறிச்சுன்னா திரும்ப நிறுத்தணும்."

"அப்போ எப்போதான் முடியும்?"

"கொறையும்" என்றாள் பதுருன்னிசா. "கொறைஞ்சிகினே போவும். அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

சந்தின் முனையில் ஒரு ஆட்டோ திரும்பி, குழியில் இறங்கி ஏறி வந்தது. உள்ளே மூன்று பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஆபிதா மாமியின் வீடு எது என்று டிரைவர் தலையை நீட்டிக் கேட்டான். பதுருன்னிசா எழுவதற்குள் ஜஸீமா தெருவில் இறங்கி, கையை நீட்டி வழி காட்டினாள்.